சத்தமில்லாமல் ஒரு மரங்கொத்தியை விரட்டுவது

வேர்க்கடலைக் கொல்லையில் காவல் இருந்து வளர்ந்தவள் நான். தகர டப்பாவை நாலு தட்டுத் தட்டினால் காக்கா முதல் கிளி வரை எதுவும் நிற்காது. அப்பேர்ப்பட்ட எனக்கே ஒரு மரங்கொத்தி தண்ணி காட்டியது. காரணம், அதைச் சத்தமில்லாமல் விரட்ட வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில், கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை. அந்த வருஷம் முழுக்க நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ் ரோட்டில் இறக்கிவிடும். குளித்துச் சாப்பிட்டு, ஜன்னலில் கோணியைத் தொங்கவிட்டுப் படுப்பார். கம்பெனிகளுக்கு நிலத்தை விற்ற பிறகு எங்கள் ஊர் ஆம்பளைகளில் பாதிப் பேர் இப்படிப் பகலில் தூங்குகிறவர்கள்தான். வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்கள் தங்கியிருந்த வாடகை அறைகளிலும் இதே கதை. அதனால் பகலில் எங்கள் தெருவில் யாரும் குரல் உயர்த்துவதில்லை. மீன்காரிகூடக் கூவ மாட்டாள். வாசலில் வந்து நின்று கூடையைத் திறந்து காட்டுவாள். புதிதாக வருகிறவர்கள், யார் செத்துப்போனது என்று மெதுவாக விசாரித்திருக்கிறார்கள்.

நாங்களும் வாடகைக்கு அறை கட்டலாம் என்று, பின்பக்கம் பட்டுப்போய் மொட்டையாக நின்ற தென்னையை வெட்டினோம். அதன் பொந்தில்தான் மரங்கொத்தி குடியிருந்திருக்கிறது. மரம் போனதும், ஓட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுப் பனஞ்சட்டத்துக்கு வந்துவிட்டது. சிவப்புக் கொண்டை, மஞ்சள் முதுகு, லட்சணமான பறவைதான். ஆனால் கொத்த ஆரம்பித்தால் சட்டம் முழுக்க அதிரும். அந்தச் சட்டத்துக்கு நேர் கீழேதான் அவர் படுக்கை.

“அந்தச் சனியன் போனாத்தான்டி எனக்குத் தூக்கம்” என்றார் ஒரு நாள். கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தன.

தூக்கம் கெட்ட ஆள் பிரஸ் மெஷினுக்குள் கை விட்டு எடுக்கக் கூடாது. கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் அவருடைய கம்பெனியில் ஒரு பையனுக்கு வலது கை நசுங்கியிருந்தது. தூங்கி வழிந்திருப்பான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பறவை எனக்கு எமனாகத் தெரிந்தது.

எதிர்வீட்டு அக்காவிடம் யோசனை கேட்டேன்.

“ஒரு தட்ட எட்த்துத் தட்டு, பறந்துடும். இதுக்குப் போயி மண்டைய ஒடச்சிக்கினு கீற?”

“அவரு முழிச்சிக்குவாரே அக்கா.”

“அப்போ ஒரு வெடியப் போடு” என்றாள். என்ன மூளை!

பழைய சிடிக்களை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். அது அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, திருப்தியாக வேலையைத் தொடர்ந்தது. திருஷ்டி பொம்மையை மாட்டினேன். கொத்திக் களைத்தால் உட்கார அதற்கு ஓர் இடம் கிடைத்தது. கடைசியில் மூங்கில் கழியில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு நானே காவல் நின்றேன். சோறு அடிப்பிடித்தது. துணியை ஆட்டினால் சட்டத்தின் மறுபக்கம் போய் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். கெட்ட வார்த்தைகளை எல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லித் திட்டினேன். வாய்விட்டுத் திட்ட முடியாத சண்டை என்ன சண்டை?

அக்காவே ஒரு நாள் வந்து அண்ணாந்து பார்த்தாள். “சட்டத்துல வண்டு கீது. அத்தத் துன்னத்தான் வருது. தகரத்தச் சுத்திடு.”

ஆணி அடித்தால் அதற்கு மரங்கொத்தியே தேவலை. எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, அவள் ஏணியைப் பிடிக்க, நான் ஏறிக் கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டினேன். திருட வந்தவர்கள் போல இரண்டு பேரும் கையாலேயே பேசிக்கொண்டோம்.

மறுநாள் அது வந்து தகரத்தைக் கொத்தியது. அலகு வழுக்கியது. இன்னொரு முறை கொத்திப் பார்த்துவிட்டு, கரண்ட் கம்பத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, பறந்துபோனது. பிறகு வரவே இல்லை. அதன் பொந்தையும் பிடுங்கி, இரையையும் மூடியதற்கு எனக்கு அன்று துளிகூட வருத்தமில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், அவர் தூங்குவதைப் பார்க்க உள்ளே போனேன்.

மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாங்க, தூங்கலியா? அதான் போயிடுச்சே.”

“தெரியும்.”

“பின்ன இன்னா?”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “கை போன பையன் நின்ன மெஷின்லதான் என்னப் போட்டுக்கீறாங்க. அவன் ஒண்ணும் தூங்கலடி. முழிச்சிக்கினுதான் இருந்தான். ஒரு தடவ எறங்க வேண்டிய மெஷின் ரெண்டு தடவ எறங்கிடுச்சு.”

“சூப்பர்வைசராண்ட சொல்லலியா?”

“சொன்னேன். சரி பண்ணியாச்சுன்றாங்க. கண்ண மூடினா அது எறங்கறதுதான் தெரியுது. உன்னாண்ட சொன்னா நீயும் தூங்க மாட்ட. அதான் குருவி மேல பழியப் போட்டேன்.”

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. கழியைப் பிடித்து நின்று எதைக் காவல் காத்தேன் நான்? வேலையை விட்டுவிடுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. விட்டுவிட்டு எங்கே போவது? கடலைக் கொல்லை இருந்த இடத்தில் குடோன் நின்றது. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். நான் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்ததும் எழுந்து யூனிஃபார்ம் போட்டுக்கொண்டார். சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்து நீட்டினேன். வாங்க வந்த அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டேன். விட மனசில்லை.

“பஸ்சு வந்துடும்” என்றார்.

விட்டேன்.