சுவிட்ச் அணைந்த பின் பத்து எண்ணிக்கை

எமில் ஹ்ருஷ்கா என் பெரியப்பா. 1924-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்க ஆலை நகரமான லொரெய்னில் பிறந்தார். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்பதாம் தேதி என்றும் ஆலையின் வேலைச் சீட்டில் பதினொன்றாம் தேதி என்றும் இருக்கிறது. எது சரி என்று தெரியாததால் இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன். இருபத்திரண்டாம் வயதில் குழாய் ஆலையில் சேர்ந்தார். எட்டு ஆண்டுகள் கழித்துக் கிரேனில் ஏறினார். கூரையை ஒட்டி ஓடும் அந்தக் கிரேனின் கூண்டில் அமர்ந்து, இரும்புக் குழாய்க் கட்டுகளைத் தூக்கி இறக்குவதே அவர் தொழில். மனைவி வில்மா. குழந்தைகள் இல்லை. குடும்ப வரலாறு எழுதும் நோட்டில் அவரைப் பற்றி நான் முதலில் எழுதியது இவ்வளவுதான். 1978-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தைப் பற்றிப் பெரியம்மாவும் ரூடி பென்கோவும் தனித்தனியே சொன்னதைக் கேட்ட பிறகு அது போதவில்லை.

ரூடி பென்கோ கிரேனுக்குக் கீழே நின்று கையசைப்பவர். கொக்கியைக் குழாய்க் கட்டில் மாட்டி, தூக்கு, நகர்த்து, மெல்ல இறக்கு என்று மேலே இருப்பவருக்குக் கையால் சொல்வார். பதினொரு ஆண்டுகள் பெரியப்பாவின் கொக்கிக்குக் கீழே நின்றவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் இருவரும் ஸ்லோவாக் சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மின்சாரக் கால்பந்துப் பலகையின் இரு பக்கமும் எதிரெதிராக அமர்வார்கள்.

பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்துக்கான மேசையளவு தகரப் பலகை. அடியில் ஒரு மோட்டார். சுவிட்சைப் போட்டால் பலகை முழுதும் அதிரும்; பக்கத்துக்குப் பதினொன்றாக நிற்கும் பொம்மை ஆட்டக்காரர்கள் அந்த அதிர்விலேயே நகர்ந்து ஒருவரையொருவர் முட்டுவார்கள். பந்தை ஏந்திய பொம்மை ஓடும்வரை பிரச்சினை இல்லை. பாஸில், அதாவது பந்தைத் தன் ஆளுக்கு எறிவதில்தான், சண்டை வந்தது. 1971-இல் ஒருவரையொருவர் சட்டையைப் பிடிக்கும் அளவுக்கு அது போனபோது, பாஸ் விதிகளை எழுதித் தருமாறு சங்கத்தில் ஆடுபவர்கள் எல்லோரும் பெரியப்பாவைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. எழுத்து அச்சடித்ததுபோல் நேராக நிற்கிறது.

எறிய விரும்புபவர், எந்தப் பொம்மைக்கு எறிகிறார் என்பதை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பின் மாற்றக் கூடாது. உடனே சுவிட்ச் அணைக்கப்படும். பந்து வைத்திருந்த பொம்மையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் எறிபவனை, அதாவது வில்கம்பிக் கை கொண்ட பொம்மையை, வைக்க வேண்டும். பயறளவு பஞ்சுப் பந்தை அதன் கையில் பொருத்தி, ஒரே விரலால் கையைப் பின்னிழுத்து விட வேண்டும். பத்து எண்ணுவதற்குள் எறிய வேண்டும். பந்து குறித்த பொம்மையைத் தொட்டால்தான் பாஸ். அருகில் விழுந்தால் இல்லை. தடுப்பவனை முதலில் தொட்டால் பந்து எதிராளிக்கு. ஏழாவது விதியை அவர் அடிக்கோடிட்டிருக்கிறார்: "எறிபவரின் மற்றக் கை, பந்து விழும்வரை சட்டைப்பையில் இருக்க வேண்டும்." யாரோ ஒருவர் இடது கையால் பலகையைச் சாய்த்துப் பிடித்தே ஒரு பருவம் முழுதும் வென்றதால் வந்த விதி அது.

சுவிட்சை ஆட்டக்காரர்கள் கையில் விடவில்லை. சங்கத்தின் சமையலறையைப் பார்த்துக்கொண்ட லுட்மிலாவிடம் அது ஒப்படைக்கப்பட்டது. எண்ணுவதும் அவரே.

1977 நவம்பரில், நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய வாரம், பெரியப்பா காபிக் கோப்பையைத் தட்டில் வைக்கும்போது அது கடகடவென்று அடித்தது. வில்மா பெரியம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"என்ன எமில், குளுருதா?"

"ஆமா. சன்னல் இடுக்குல காத்து வருது."

சன்னல் இடுக்கில் அன்றே துணி அடைத்தார்கள். மறுநாளும் கோப்பை அடித்தது. கை சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லை. எதையாவது குறிபார்த்து வைக்கப் போனால்தான் நடுங்கியது. பெரியப்பாவுக்கு அது புதிதாக இருக்கவில்லை. அவருடைய தந்தை மத்தேயின் கடைசி ஆண்டுகளை அவர் பார்த்திருந்தார்: சூப்புக் கரண்டி வாய்க்கு வருவதற்குள் காலியாகிவிடும். மத்தேயின் குடியுரிமைத் தாளில் உள்ள கையெழுத்தை நானும் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் தெரியும் கம்பிபோல் வளைந்து வளைந்து போகிறது.

மருத்துவரிடம் போகலாம் என்றார் பெரியம்மா.

"ஆலை டாக்டர்கிட்டயா? அவன் எழுதுன மறுநிமிஷம் என்னை எறக்கிடுவான்."

"வெளி டாக்டர்கிட்ட போவோம்."

"எந்த டாக்டர்னாலும் தாள்ல எழுதுவான், வில்மா. எழுதுனது எப்படியும் நடந்து போய்ச் சேர்ந்துடும்."

கூண்டை விட்டு இறங்குவதுதான் அவருக்குப் பயம் என்று பெரியம்மா அப்போது நினைத்தாராம். அது பாதிதான். ஒருநாள் உறக்கத்தில் அவர் "ரூடி, நகரு, நகரு" என்று கத்தியபோதுதான் மீதி தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. பலகை அதிரும்போது அதன் விளிம்பில் வைத்திருக்கும் எல்லாருடைய விரல்களும் அதிரும். அவர் கையும் பத்தோடு பதினொன்று. ஆனால் பாஸ் என்றால் சுவிட்ச் அணையும். கூடம் அமைதியாகும். எல்லார் கண்ணும் ஒரே விரலின் மீது இருக்கும். அதனால் பெரியப்பா பாஸ் எறிவதையே நிறுத்திவிட்டார். நவம்பர் இருபதுக்குப் பிறகான ஆட்டக் குறிப்புகளை நான் எண்ணிப் பார்த்தேன்: ஆறு ஆட்டங்கள், ஒரு பாஸ்கூட இல்லை. அதற்கு முன் ஆட்டத்துக்குப் பத்துக்குக் குறையாது.

"என்னடா எமில், எறியறவன் லீவுல போயிட்டானா?" என்றார் பென்கோ.

"ஓடியே ஜெயிக்கிறேன். உனக்கென்ன?"

"ஜெயிக்கிறியா? போன வாரம் இருபத்தொண்ணுக்குப் பூஜ்யம் வாங்கினது யாரு, உங்க பக்கத்து வீட்டு நாயா?"

லுட்மிலா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்: "ரெண்டு பேரும் வாயால ஆடறதுக்குக் கரண்ட் எதுக்கு? அணைச்சிடறேன்."

டிசம்பர் பதினான்காம் தேதி ஆலையில் அது நடந்தது. ஒரு கட்டுக் குழாயை ரயில் பெட்டியில் இறக்க வேண்டும். கடைசி ஒரு சாணுக்குக் கைப்பிடியை மயிரளவே தள்ள வேண்டும். பெரியப்பாவின் கை அதை இரண்டு முறை வெட்டித் தள்ளியது. கட்டு குதித்து, பக்கவாட்டில் ஆடி, பென்கோவின் தோளுக்கு ஒரு முழத் தூரத்தில் பெட்டியின் விளிம்பில் இடித்து நின்றது. எதுவும் விழவில்லை. பென்கோ தலைநிமிர்ந்து கூண்டைப் பார்த்தார். அவ்வளவு உயரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரின் கை தெரியாது. பெரியப்பா இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அமர்ந்துகொண்டார்.

சாப்பாட்டு வேளையில் பென்கோ கேட்டார்: "மேல என்ன, தூங்கிட்டியா?"

"பிரேக்கு பிடிச்சு விட்டுது."

"பிரேக்கா?"

"பிரேக்குதான்."

பழுதுபார்ப்பவர்கள் வந்து பிரேக்கைப் பார்த்துவிட்டு, அதில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைப் பென்கோவும் படித்தார்.

அன்றிலிருந்து பெரியப்பா சாப்பிட்ட அளவு பாதியானது. ஒவ்வொரு காலையும் ஏணியில் ஏறும்போது, இன்று யாருக்காவது உடல்நிலை சரியில்லாமல் போய்ப் பென்கோவை வேறு பகுதிக்கு அனுப்பிவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டதாகப் பின்னாளில் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பென்கோ இல்லாவிட்டால் வேறொருவர் நிற்பார் என்ற நினைவு ஏணியின் உச்சியில்தான் வருமாம். அப்போதும் அவர் இறங்கவில்லை. இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும்: மூன்று மாதம் அவர் தெரிந்தே ஏறினார்.

ஜனவரிப் பனிப்புயல் ஓய்ந்து சாலைகள் திறந்ததும் சங்கத்தில் ஆண்டுக் கூட்டம் நடந்தது. பெரியப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நோட்டில் அது பெரியம்மாவின் கையெழுத்தில் இருக்கிறது. பந்தை எறிய வேண்டாம். எறிபவனிடமிருந்து பிடிப்பவன்வரை ஓர் அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். குறுக்கே தடுப்பவன் எவனும் கோலைத் தொடாவிட்டால் பாஸ் என்று கொள்ளலாம். மற்ற ஊர்களில் அப்படி ஆடுகிறார்கள் என்றும், சண்டை குறையும் என்றும் அவர் வாதிட்டார்.

பாதிப் பேருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பென்கோ எழுந்தார்.

"அளவுகோல் வெச்சு பாஸ் போடறதுக்குத் தையல் கடைக்குப் போகலாம். இந்த விதியை எழுதினதே நீதான். ஒத்த விரல், மத்தக் கை பையில. அதுல என்ன கெட்டுப் போச்சு?"

"சண்டை வருது, ரூடி."

"ஏழு வருஷமா வர்ற சண்டை. இப்ப மட்டும் ஏன் கசக்குது?"

கை தூக்கச் சொன்னபோது திருத்தம் இரண்டு கை வித்தியாசத்தில் தோற்றது. பென்கோ 1991-இல் என்னிடம் சொன்னார்: "எனக்கு ஆட்டம் முக்கியமில்ல. கூண்டுல அவன் கையைப் பாக்க முடியாது. அந்த மேசை ஒண்ணுலதான் பாக்க முடியும். அதையும் எடுத்துட்டா நான் எங்க போய்ப் பாப்பேன்? எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. தப்பா நெனச்சு ஒருத்தன் பொழப்பைக் கெடுத்துடுவேனோன்னும் பயம்."

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி இருவருக்கும் ஆட்டம். கோசு இலைச் சுருள் வேகும் வாசனை கூடம் முழுதும் இருந்ததாகப் பெரியம்மாவும் பென்கோவும் சொன்னார்கள். பென்கோ தன் தடுப்பவர்கள் பதினொருவரையும் நடுவில் கொத்தாக நிறுத்தினார். ஓரத்தில் பெரியப்பாவின் பிடிப்பவன் ஒருவன் தனியாக நின்றான். அவனைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு யாருமில்லை.

பெரியப்பா ஓடினார், கொத்தில் முட்டி நின்றார். அடுத்த முறையும் அதே கொத்து. மூன்றாம் முறையும் அப்படியே.

"டேய் எமில், கண்ணு தெரியலையா? அவன் ஒத்தையா நிக்கிறான்!" என்று பின்னாலிருந்தவர்கள் கூவினார்கள்.

"அவனுக்குக் கல்யாணமே ஆயிடும், நீ எறியறதுக்குள்ள!"

பென்கோ மட்டும் சிரிக்கவில்லை. பலகையைப் பார்க்காமல் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "எறி, எமில்."

அவர் எதற்காக அந்த இடத்தைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது பெரியப்பாவுக்கு அப்போது புரிந்தது. எழுந்து போய்விடலாம், வயிற்று வலி என்று சொல்லலாம். ஆனால் விடிந்தால் திங்கட்கிழமை, பென்கோ கொக்கிக்குக் கீழே நிற்பார்.

"இடது ஓரத்துக்காரனுக்கு," என்றார் உரக்க.

லுட்மிலா சுவிட்சை அணைத்தார். பலகையின் இரைச்சல் நின்றது. பெரியப்பா எறிபவனை எடுத்து வைத்தார், அது சாய்ந்தது, மறுபடி வைத்தார். பஞ்சுப் பந்து விரலிடுக்கிலிருந்து நழுவி விழுந்தது. யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்.

"ஒண்ணு... ரெண்டு..."

இடது கை பையிலிருந்து தானாக வெளியே வந்து வலது மணிக்கட்டைப் பிடித்தது.

"கை பையில, எமில்," என்றார் பென்கோ.

இடது கை பைக்குள் போனது. ஐந்து, ஆறு என்று எண்ணிக்கொண்டிருந்த லுட்மிலா ஏழில் நிறுத்திவிட்டார். வலது கையின் ஒற்றை விரல் பொம்மையின் கைக்கு நேராக வந்து, தொட முடியாமல், மேலும் கீழும் அடித்துக்கொண்டது. நின்ற பலகையில் அசைந்தது அது ஒன்றுதான். கூடத்தில் இருந்த இருபது பேரும் பார்த்தார்கள்.

பெரியப்பா கையை எடுத்துக்கொண்டார்.

"ரூடி," என்றார், "நாளைக்கு என் கொக்கிக்குக் கீழ நிக்காத."

"எத்தனை நாளா?"

"நவம்பர்லேருந்து."

"பிரேக்கு இல்ல."

"இல்ல."

பென்கோ எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. "எனக்கு மூணு புள்ளைங்கடா," என்றார். மேற்சட்டையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் பனியில் இறங்கி நடந்துவிட்டார்.

மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் பெரியப்பா ஃபோர்மேனின் அறைக்குப் போனார். வெளியே பெஞ்சில் பென்கோ உட்கார்ந்திருந்தார். அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார் என்றே பெரியப்பா நினைத்தார்.

"சொல்லிட்டியா?"

"இல்ல. நீ வர்றியான்னு பாக்க வந்தேன். வராம கூண்டுல ஏறியிருந்தா சொல்லியிருப்பேன்."

உள்ளே போய்ப் பெரியப்பாவே சொன்னார், டிசம்பர் பதினான்கு உட்பட. பென்கோ கதவருகே நின்றார். அன்றே பெரியப்பாவின் கிரேன் உரிமச் சீட்டை வாங்கிக்கொண்டு, கருவிகள் வைக்கும் அறையில் வேலை கொடுத்தார்கள். பிறகு பார்த்த மருத்துவர், அது உயிரைக் கொல்லும் நோய் அல்ல, குடும்ப வழியில் வரும் நடுக்கம் என்றார். ஓய்வு பெறும்வரை பெரியப்பா அந்த அறையிலேயே வேலை பார்த்தார்; 1996 மார்ச் மூன்றாம் தேதி காலமானார்.

கருவி அறை ஆலையின் மறுகோடியில் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். வழியில் புதிய ஆள் ஒருவர் கூண்டில் அமர்ந்து குழாய்க் கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார். இருபத்து நான்கு ஆண்டுகள் கட்டுகளை மேலிருந்தே பார்த்த பெரியப்பா, அன்றுதான் ஒன்றின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். நடுவழியில் நின்றுவிட்டார்.

"வா," என்றார் பென்கோ.

"அது போகட்டும்."

"நாள் பூரா போய்ட்டேதான் இருக்கும். நிமிந்து பாத்துக்கிட்டே நட."

பெரியப்பாவால் நடக்க முடியவில்லை. பென்கோ கையை உயர்த்தி, மேலே இருந்த ஆளுக்கு நிறுத்து என்று காட்டினார். கட்டு அசையாமல் நின்றது. இருவரும் அதற்கு அடியில் போகாமல், சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனார்கள்.