மரத்துக்கு ஒரு நைட் ஆஃப்

எஸ்தர் அக்கா போய்விட்ட செய்தி போனில் வந்தபோது, மந்தாரக்குப்பம் கடைவீதியில் நான் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய மகன்தான் பேசினான். "அம்மா காலைல காபி போட்டுகினு இருந்தாங்க ஆன்ட்டி. அப்படியே சாஞ்சிட்டாங்க." மாலையில் அவர்கள் வீட்டு வாசலில் கட்டியிருந்த பேனரில் 'கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்' என்று போட்டிருந்தது. அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு சின்னக் கோபம் வந்தது. அது அவர்கள் சபை வழக்கம், தெரியும். ஆனால் அக்கா போனது நல்ல விழிப்பில். நித்திரைதான் அவருக்கு வாய்க்காத ஒன்று என்பது, அவரோடு வார்டில் நர்சாக வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவர் தூக்கத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் நைட் டூட்டிக்கு யாராவது வராவிட்டால் முதலில் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் வந்துவிடுவார். ரிட்டயர் ஆன பிறகும் உடம்பு டூட்டியை விடவில்லை. பொழுது சாய்ந்தால் கண் பளிச்சென்று திறந்துகொள்ளும். வீட்டில் நோயாளி என்று யாரும் இல்லாததால் கணவரையே ரவுண்ட்ஸ் பார்த்தார். "உசுரோட இருக்கேனான்னு டார்ச் அடிச்சுப் பாக்குறாம்மா உங்க அக்கா" என்று அவர் வீட்டுக்கார அண்ணன் என்னிடம் புலம்புவார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அக்கா தொடவே இல்லை. "ஊருக்கே ஊசி போட்டுத் தூங்க வச்சேன் கலா. எனக்குத் தானா வருதா இல்லையான்னு பாத்துடறேன்" என்பார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அவருக்குப் பயம் இருந்தது. "சாவுற வரைக்கும் இப்படியே முழிச்சிகினுதான் கிடக்கணுமா?" என்று ஒருநாள் கேட்டார்.

எங்கள் சுரங்க நகரியத்துத் தாவரவியல் பூங்காவில் கிறிஸ்துமஸில் தொடங்கிப் பொங்கல் வரை விளக்கு அலங்காரம் வைக்க ஆரம்பித்தார்கள். முதல் வருஷமே அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். விளக்கால் செய்த மயில், மான், சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய சக்கர இயந்திரம் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் செல்ஃபி கூட்டம். அக்கா எதிலும் நிற்கவில்லை. உள்ளே நுழைந்ததும் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில் போய் அண்ணாந்து நின்றுவிட்டார். அடிமரத்திலிருந்து கிளை நுனி வரை சீரியல் செட் சுற்றி வைத்திருந்தார்கள்.

"அடப்பாவிங்களா, இதுக்கும் நைட் டூட்டி போட்டுட்டானுங்களா?"

சாயங்காலமானால் இலைகளைக் கூப்பிக்கொள்ளும் மரம் அது. பெயரே அதனால் வந்ததுதான். அக்கா ஒரு தாழ்ந்த கிளையைப் பிடித்துப் பார்த்தார். நான் போனில் டார்ச் போட்டதும், "அணைச்சுடு, நோயாளி முழிச்சிக்கப் போவுது" என்று அதட்டினார். விளக்குக்குத் தள்ளி இருந்த இலைகள் மூடியிருந்தன. பல்பை ஒட்டியவை மூடியும் மூடாமலும் இருந்தன. நாளெல்லாம் வெயிலில் நின்ற மரம், ராத்திரியும் இப்படி நின்றால் என்ன ஆகும்? காலையில் சோர்ந்திருக்குமா? பழக்கமாகிவிடுமா? அக்காவுக்கு அன்று பிடித்துக்கொண்டது. மறுநாளிலிருந்து காலையில் ஒரு ரவுண்ட்ஸ், மாலையில் ஒரு ரவுண்ட்ஸ். எனக்கும் அந்தக் கிறுக்கு தொற்றிக்கொண்டது. காய்கறிப் பையோடு போய் இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.

ஒருநாள் விளக்கு வேலையைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியரை அக்கா மடக்கினார். "சார், வாரம் முழுக்க நைட் பாத்தா ஒரு நைட் ஆஃப் குடுக்கணும். எங்களுக்கு அதான் ரூல். இந்த மரத்துக்கும் குடுங்க."

அவர் சிரித்துவிட்டார். "மேடம், மரம் கான்ட்ராக்டா, பெர்மனென்ட்டா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"வேர் விட்டு நிக்குது. இதுக்கு மேல என்னங்க பெர்மனென்ட்?"

பக்கத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். இன்ஜினியர் விளையாட்டுக்குத்தான் தலையாட்டினார் என்று நினைத்தேன். ஆனால் கூட்டம் குறைவாக வரும் திங்கட்கிழமை அந்த ஒரு மரத்தை மட்டும் இருட்டாக விட்டிருந்தார், நல்ல மனுஷன். "இந்த மரத்துக்கு மட்டும் ஃபியூஸ் போயிடுச்சு போல" என்று பேசிக்கொண்டே ஜனங்கள் டெல்லி அப்பளத்தைக் கடித்தபடி கடந்தார்கள். நாங்கள் இருவரும் கிளையைத் தொட்டுப் பார்த்தோம். ஓர் இலை விடாமல் மூடியிருந்தது.

அக்கா வெகுநேரம் கையை எடுக்கவில்லை. "பாரு கலா, இத்தனை நாள் முழிக்க வச்சும் தூங்கத் தெரிஞ்சிருக்குது அதுக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "அப்போ எனக்கும் வரும்" என்றார்.

வரவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ ராத்திரிகள் வரவில்லை. மரத்தைப் பார்க்கப் போவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

கடைசியாகப் போனது போன டிசம்பரில். அவருக்கு நடக்க முடியாமல் மூச்சு வாங்கியது. மரத்துக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "நீ போய்ப் பாத்துட்டு வா, மூடிச்சான்னு" என்று அனுப்பினார். பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "பாதிதான் மூடியிருக்குக்கா" என்றேன். திரும்பினால், வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி அலறுகிறது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். விளக்கு மயிலின் பச்சையும் நீலமும் முகத்தில் மாறி மாறி அடிக்கிறது. அவர் தூங்கினார். பழைய பழக்கத்தில் பல்ஸ் பார்த்தேன், நன்றாக இருந்தது. மெல்லத் தலை சரிந்து என் தோளில் சாய்ந்தது. அத்தனை வருஷம் இருட்டில் வராத தூக்கம் அந்த வெளிச்சத்தில் எப்படி வந்தது என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். இன்றுவரை விளங்கவில்லை.

வாட்ச்மேன் வந்து, "நேரமாச்சு மேடம், லைட்டு ஆஃப் பண்ணணும்" என்றார்.

"பண்ணுங்கண்ணே. இவங்கள மட்டும் எழுப்பாதீங்க."

அவர் போய் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். விழித்ததும் அக்கா முதலில் என்னைத் திட்டினார். "எழுப்பக் கூடாதா? வேடிக்கை பாக்க வந்துட்டுத் தூங்கியிருக்கேன்." பிறகு வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

அடக்கம் முடிந்து நாலைந்து நாள் கழித்து மகன் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, "அம்மா ஞாபகமா ஏதாவது எடுத்துக்கோங்க ஆன்ட்டி" என்றான். புடவைகள், கைக்கடிகாரம், பைபிள் எல்லாம் இருந்தன. "எனக்கு அவங்க குடுத்துட்டாங்கப்பா" என்றேன். என்னவென்று கேட்டான். என் வலது தோளைத் தடவிக்கொண்டேன். அன்றைக்குப் பூங்காவில் அக்கா எழுந்தபோது அது மரத்துப்போயிருந்தது.