சீட்டில் இல்லாத பாண்டு

கோட்டைக்குப்பத்தில், முன்பு ஐஸ் வைத்திருந்த அறைதான் என் ரெக்கார்டிங் ஸ்டூடியோ. மீன்பெட்டித் தெர்மாகோலைச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தேன். வெளிச்சத்தம் உள்ளே வராது; கவிச்சி மட்டும் இன்றுவரை போகவில்லை.

பங்க் ராக் பாடும் மூன்று பாண்டுகள் வர ஆரம்பித்ததும் யாருக்கு எந்த நாள் என்று சண்டை. எங்கள் ஊருக்குத் தெரிந்த ஒரே வழி பாடு. ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாள் எங்கே வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதற்குப் பெயர் அது. நானும் அப்படியே சீட்டு எழுதிக் குலுக்கினேன்.

அப்போது நாலு பெண்கள் உள்ளே வந்தார்கள். சேற்றில் கைவிட்டு இறால் தடவிப் பிடிக்கிறவர்கள். அவர்களும் ஒரு பாண்டு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்களுக்கு ஒரு சீட்டு எழுதத் தோன்றவில்லை.

டிரம்ஸ் அடிப்பவள் கேட்டாள்: "ஏரியிலதான் எங்களுக்குப் பாடு இல்ல. இன்னாண்ணா, இங்கயும் அதே கதையா?"

சுருக்கென்றது. எல்லாச் சீட்டையும் கிழித்துப் போட்டேன்.

"ஊர் வழக்கத்தையே மாத்துறியா?" என்று எகிறினான் ஒரு கிடார்க்காரன்.

"ஆமா. யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்குத்தான் மைக்."

மறுநாள் காலை நான் பூட்டைத் திறக்கும் முன்பே அந்த நாலு பேரும் வாசலில் நின்றார்கள், நண்டு கடித்த விரல்களோடு. பாட்டு முழுக்க ஒரே கேள்விதான்: ஏரி யாருது? தொண்டை கிழியக் கத்தினார்கள். ஒரே டேக்.

என் நைனா பெயரிலும் பாடு உண்டு. வீடு ஸ்டூடியோவுக்கு எதிரேதான். ஸ்பீக்கரை வெளியே தூக்கி வந்து, எங்கள் வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்து, அந்தப் பாட்டை முழுச் சத்தத்தில் போட்டேன்.