சூசை அண்ணன் பெரட்டில் சொன்னது

நான் நர்ஸாக இருக்கும் கிளினிக்கில் கருத்தடை மாத்திரை வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றபோதுதான் தாப்பாவிலிருந்து சூசை அண்ணனின் மனைவி லூர்து அக்கா போன் செய்தார். "மிஸ்ஸி, அவரு போயிட்டாரு." உட்கார்ந்து அழக்கூட எனக்கு நேரமில்லை. ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டிய சூசை அண்ணனைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஐந்தாவது பிரசவத்தில் அக்கா பிழைத்ததே பெரிது. மாத்திரை சாப்பிட்டால் அவருக்குத் தலை சுற்றும்; விடியுமுன் பால்மரம் வெட்ட ஓடும் அவசரத்தில் மறந்தும் போவார். மாத்திரை மறந்தால் போச்சு, ஆணுறை கிழிந்தால் போச்சு, ஆண்கள் செய்துகொள்ளும் ஆபரேஷனைப் போல நம்பகமானது வேறில்லை என்றேன். ஆண்மை போய்விடும் என்று தோட்டமே பயந்த காலம் அது. அண்ணன், "அவ பட்டது போதும், நான் வாரேன்" என்றார்.

வெட்டியவுடன் பலன் வந்துவிடாது, மூன்று மாதம் ஆணுறை வேண்டும், பிறகு விந்தைச் சோதிக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "புட்டியில புடிச்சிக்கிட்டு ஈப்போ பஸ்ல எப்படிலா வர்றது?" என்று சிரித்தார். வரவேயில்லை. ஆணுறையையும் தொடவில்லை.

அக்காவுக்கு நாள் தள்ளிப்போனது. அண்ணன் ஆபரேஷன் செய்துகொண்டது ஊருக்கே தெரியும். பிள்ளை யாருடையது என்று கள்ளுக்கடையில் நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். அக்கா குழாயடிக்குப் போவதையே விட்டுவிட்டார். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று என்னிடம் அழுதார். நான் போய் விளக்கினாலும் யார் கேட்பார்கள்?

மறுநாள் காலை, வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டில், மண்டோர் பேர் கூப்பிடுமுன் அண்ணன் முன்னால் வந்து நின்றார். "புள்ள என்னோடது. ஆபரேசன் மேல தப்பில்ல. மூணு மாசம் பொறுக்கச் சொன்னாங்க, நான் பொறுக்கல. டெஸ்டுக்கும் போவல. பேசணும்னா என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க." அதற்குப் பிறகும் முதுகுக்குப் பின்னால் சிலர் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், பாவிகள். பிறகு அண்ணன் சோதனைக்கு வந்தார். விந்தில் உயிரணு எதுவும் இல்லை, ஆபரேஷன் பலித்திருந்தது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். அந்த ஆறாவது பிள்ளை, இப்போது வளர்ந்துவிட்ட பெண், பெட்டியைவிட்டு நகரவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரட்டுல பேசினதத்தான் எல்லாரும் சொல்றாங்க, மிஸ்ஸி. அதுக்கு முன்னால வீட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா? நாள் தள்ளிப்போச்சுன்னு நான் நடுங்கிக்கிட்டே சொன்னேன். 'சாப்பிட்டியா'ன்னுதான் கேட்டாரு. வேற எதுவும் கேக்கல, கடைசி வரைக்கும்."

ஆபரேஷன் முடிந்து போகிற ஆண்களிடம் மூன்று மாதக் கணக்கை இன்றும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆனால் அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது, அவர் அக்காவிடம் கேட்காமலே போன அந்தக் கேள்வியைத்தான்.