கடைசி வரிசை

இருநூற்று நாற்பது பாலூட்டிகளின் மரபணு எழுத்துகளைக் கணினியில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவதுதான் பன்னிரண்டு வருடமாக அவள் வேலை. திமிங்கிலம் முதல் வௌவால் வரை எதிலும் மாறாத எழுத்து ஒருவருக்கு மாறியிருந்தால் ஆள் தேறாது. இதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பெருமையாகச் சொன்னவளும் அவள்தான். நடக்கமாட்டாத தன் மகனின் எழுத்துகளை அன்று யாருக்கும் சொல்லாமல், 'சிறுவன்' என்று மட்டும் போட்டு, கடைசி வரிசையில் சேர்த்தாள். ஓர் இடத்தில், மேலே அத்தனையிலும் ஒரே எழுத்து. அடியில் மட்டும் வேறு.

பின்னால் வந்து நின்ற ஆய்வக இயக்குநர் துள்ளிக் குதித்தார். "அடடா, இப்படி ஒண்ணுக்குத்தானே நாயா அலைஞ்சோம்! இவன் ரொம்ப நாள் தாங்கமாட்டான். கட்டுரையில முதல் படமா போட்டுடும்மா. வயசு தெரியுமா?"

"தெரியும் சார். நேத்துதான் நாலு முடிஞ்சுது."

"பலே! நாள் கணக்கு வரைக்கும் வச்சிருக்கியே" என்று மெச்சிவிட்டுக் காபி குடிக்கப் போனார் அந்தப் புண்ணியவான்.