மூன்றாவது அடாப்டர்

கணினி முன் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. திரையின் கீழ் மூலையில் குட்டி விசிறி போல விரிந்திருக்கும் சிக்னல் குறியின் மேல் ஒரு கண் எப்போதும் இருக்கும். விசிறி முழுதாக இருந்தால் இந்த நிமிடம் பிழைத்தது. ஒரு மடிப்பு குறைந்தால் கை தானாகக் காதோர முடிக்குப் போகும்.

அவள் வேலை சைகைமொழி பெயர்ப்பு. காது கேளாத ஒருவர் மருத்துவமனைக்குப் போனால், மருத்துவரின் மேசைமேல் ஒரு திரையை வைப்பார்கள். அந்தத் திரையில் இவள் தெரிவாள். நோயாளியின் கைகள் சொல்வதை வாயால் மருத்துவருக்குச் சொல்வாள். மருத்துவரின் வாய் சொல்வதைக் கைகளால் நோயாளிக்குச் சொல்வாள். எல்லாம் வீட்டின் பின்னறையில் இருந்தபடி, சுவரில் தொங்கவிட்ட வெளிர்நீலத் துணிக்கு முன்னால்.

இந்த மொழியை அவள் எந்தப் பள்ளியிலும் தொடங்கவில்லை. இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் தம்பிக்குக் காது போனது. அவனோடு சண்டை போடுவதற்காகவே கற்றுக்கொண்டாள். அக்கா தம்பி சண்டைக்கு மொழி இல்லாமல் முடியுமா? பரீட்சை, சான்றிதழ் எல்லாம் பிறகு வந்தவை.

யாரையும் ஒரு முறை பார்த்தால் போதும், தம்பி கையால் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவான். கம்ப்யூட்டர் கடைக்காரர் பேச்சுக்குப் பேச்சு மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவார், அவர் 'கண்ணாடிதள்ளி'. வேலை கொடுக்கும் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அம்மாள் எதைச் சொன்னாலும் மணிக்கட்டைப் பார்ப்பாள், அவள் 'கடிகாரம்'. அக்காவுக்கு அவன் வைத்த பெயர், காதோரம் முடியை ஒதுக்கும் ஒரு விரலசைவு. அவள் 'முடியொதுக்கி'. பதற்றம் ஏற ஏற ஒதுக்கிக்கொண்டே இருப்பாள். கொஞ்ச நாளாக ஒதுக்க முடியே மிஞ்சாது போலிருந்தது.

தம்பிக்குக் காலையில் சலவை நிலையத்தில் இஸ்திரி வேலை. மதியம் வீடு திரும்பி, நடு அறையில் தையல் இயந்திரத்தைப் போட்டு, தெருவில் உள்ளவர்களின் பைகளுக்கு ஜிப் மாற்றித் தருவான். வாசலில் யார் கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்காது என்பதால், கதவுக்கு மேலே ஒரு சின்னக் கேமராவும் அவன் மேசையில் உள்ளங்கை அகலத் திரையும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் அதைப் போடுவான். வெளியே யாராவது வந்து நின்றால் அவர்கள் முகம் தையல் ஊசிக்குப் பக்கத்தில் தெரியும். வாங்கி வெகு காலமாகிவிட்டது. வீட்டில் அதைக் கேமரா என்று சொல்வதில்லை. அது அவன் காது. 'காதைப் போட்டியா?', 'காதை அணைச்சுட்டுப் படு' என்றுதான் பேச்சு.

முதலில் அவள் கணினிக்கு இணையம் வயரில்தான் வந்தது. ரூட்டர் முன்னறையில். இணைப்புக் கொடுக்க வந்தவன், நடு அறை வழியாகத் தரையிலேயே வயரை இழுத்துப் பின்னறைக்குக் கொண்டுவந்துவிட்டுப் போனான். ஒரு நாள் கைநிறையப் பைகளோடு வந்த தம்பியின் கால் அதில் மாட்டியது. விழுந்தான். வலது மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்குக் கை முறிந்தால் கை முறிந்தது, அவ்வளவுதான். அவனுக்கு வாயில் பாதியைத் தைத்துவிட்ட மாதிரி. மாவுக்கட்டோடு ஒற்றைக் கையால் திக்கித் திக்கிப் பேசினான். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டான். அவள் வயரைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். "இனிமே இந்த வீட்டுல வயர்ங்கற பேச்சே கிடையாது" என்று இரண்டு மொழியிலும் சொன்னாள்.

அன்றிலிருந்து அடாப்டர். கணினியின் துளையில் செருகினால் காற்றில் வரும் சிக்னலைப் பிடித்துத் தரும் சின்னப் பொருள். முதலில் வாங்கியது நகத்தளவு இருந்தது. காலையில் பழுதில்லாமல் ஓடியது. மதியத்துக்கு மேல் திணறியது.

ஒரு மதியம், நெஞ்சு இறுக்கம் என்று வந்த தச்சர் ஒருவர் திரையில் இருந்தார். 'வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது' என்று மருத்துவர் கேட்டார். தச்சரின் கை நெஞ்சில் தொடங்கியது. அங்கேயே உறைந்தது. திரையில் ஒரு மனிதன் தன் நெஞ்சில் கை வைத்தபடி சிலையாக நிற்க, மருத்துவரின் குரல் மட்டும், "ஹலோ, ஹலோ, என்ன சொல்றார்?" என்று வந்துகொண்டிருந்தது. இணைப்பு திரும்பியபோது அந்தக் கை மடிமேல் கிடந்தது. மறுபடி கேட்டாள். சொன்னார்; ஆனால் முதல் முறை சொன்ன வேகம் அதில் இல்லை. ஒருவன் தன் வலியை இரண்டாம் முறை சொல்லும்போது அதில் கொஞ்சம் களைப்பும் சேர்ந்துவிடுகிறது. அந்த உறைந்த கை அவளை விட்டுப் போகவேயில்லை.

அதன் பிறகுதான் அடாப்டர் வாங்கியவர்கள் இணையத்தில் எழுதிவைத்த அனுபவங்களைப் படிக்க ஆரம்பித்தாள். சாப்பிடும்போதும் படித்தாள், துணி காயப்போடும்போதும் படித்தாள். 'பிரமாதம், மாடி வரைக்கும் எடுக்கிறது' என்பார் ஒருவர். 'குப்பை, பக்கத்து அறைக்கே வரவில்லை' என்பார் அடுத்தவர். பொருள் ஒன்றேதான். மழை நாளில் எடுக்காது என்று ஒருவர். ஜன்னலைத் திறந்தால் எடுக்கும் என்று இன்னொருவர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைப் பார்த்த ஒவ்வொருவரும், விழவைத்த காக்கையின் நிறம் எடை உட்பட எழுதியிருந்தார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. அவரவர் வீட்டில் நடந்ததைச் சொன்னார்கள். தன் வீட்டையே உலகம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவதாகக் கொம்பு வைத்த அடாப்டர் வந்தது. மதியம் அதுவும் படுத்தது. எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கண்ணாடிதள்ளி அவளைப் பார்த்ததும் கண்ணாடியைத் தள்ளினார்.

"என்னங்க, மறுபடியுமா?"

"மறுபடியும்தான். காலைல ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. மனுஷங்க தேவலை."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அடாப்டரை மட்டும் குத்தம் சொன்னா எப்படி? உங்க ரூட்டர் வேற பழசு. வீட்டுல வயர் இல்லாம ஓடுற சாமான் ஏதாவது இருக்கா? கார்ட்லெஸ் போன், மைக்ரோவேவ் ஓவன், குழந்தையப் பாக்கற மானிட்டர்?"

"குழந்தையே இல்ல, மானிட்டர் எதுக்கு? அடுப்பு ஒண்ணுதான், அதுவும் தீப்பெட்டி வெச்சுப் பத்தவைக்கறது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? வீட்டுல நானும் தம்பியும். வேற ஒண்ணும் இல்லைங்க."

மனமறிந்து உண்மையைத்தான் சொன்னாள்.

திரும்பி வரும் வழியிலேயே கடிகாரம் கைபேசியில் கூப்பிட்டாள்.

"மேடம், டாக்டர் எழுதியே குடுத்துட்டார். பாதியில கட் ஆகுதாம். வர்ற வாரம் முழுக்க உங்க லைனைக் கவனிக்கச் சொல்லியிருக்காங்க. இன்னொரு தடவை கட் ஆச்சுன்னா ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருந்து எடுத்துருவாங்க."

"எடுத்துட்டா?"

"எனக்கும் மேல ஆள் இருக்கு மேடம். நான் என்ன பண்ணட்டும்?"

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னாள். இவர்கள் கையால் பேசுவதை எழுத்தில் வைத்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வேலை போச்சுன்னா என்னடா பண்றது?"

"ஜிப் மாத்த வா. கத்துத்தரேன். ஆனா நீ பதட்டக்காரி, விரலச் சேத்துத் தைச்சிருவே."

"சிரிக்காதே. எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும். அதுவும் உன்னாலதான் தெரியும்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். கொஞ்ச நேரம் மேசைமேல் இருந்த தன் சின்னத் திரையைப் பார்த்தான். பிறகு இயந்திரத்தில் நூல் கோக்கக் குனிந்துகொண்டான்.

வாரம் பிறந்ததும், கண்ணாடிதள்ளியிடம் வாங்கி வந்த மூன்றாவது அடாப்டரைச் செருகினாள். இரண்டு கொம்பு, கையகலம், கறுப்பு நண்டு மாதிரி. கடைக்காரரே அதை நண்டு என்றுதான் சொன்னார். திங்கள் மதியம் விசிறி மடங்கவில்லை. தற்செயல் என்று நினைத்தாள். செவ்வாயும் மடங்கவில்லை. பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு வரிசையாக அழைப்புகளை எடுத்தாள். பல்வலிக்காரி வந்தாள், பிள்ளைத்தாய்ச்சி வந்தாள். தச்சரும் வந்தார், இப்போது நன்றாக இருக்கிறதாம். யார் கையும் உறையவில்லை. அப்போதும் அவள் நிம்மதியாக இல்லை. நன்றாக ஓடுவதும் ஒரு பயம்தான். ஏன் ஓடுகிறது என்று தெரியாதபோது எந்த நிமிடம் நிற்கும் என்றும் தெரியாது.

நடுவில் ஒரு நாள் தம்பியின் இடது ஆள்காட்டி விரலில் துணிக்கட்டைப் பார்த்தாள். "ஊசி ஏறிருச்சு. தைக்கறவனுக்குத் தூக்கம்" என்றான். அவளும் அடுத்த அழைப்புக்கு ஓடிவிட்டாள்.

வெள்ளி மாலை கடிகாரமே கூப்பிட்டாள். "லைன் சுத்தமா இருக்கு மேடம். பேர் லிஸ்ட்லயே இருக்கும்." எதற்கும் லேசில் நல்ல வார்த்தை சொல்லாத முடியொதுக்கி, அன்று உட்கார்ந்து அந்த அடாப்டருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து எழுதினாள்: 'இரண்டை வாங்கி ஏமாந்த பிறகு இதை வாங்கினேன். என் வேலையைக் காப்பாற்றியது இதுதான். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.'

எழுதிவிட்டுக் காற்று வாங்க வெளியே வந்தபோது எதிர்வீட்டு அம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, வீட்டுல ஏதாவது சண்டையா?"

"இல்லையே, ஏன்க்கா?"

"வாரம் பூரா உன் தம்பி வாசக்கதவத் தெறந்துபோட்டு நாற்காலியில உக்காந்திருக்கான். மடியில பை, கண்ணு தெருவுல. நீதான் வெளிய தள்ளிட்டியோன்னு நெனச்சேன்."

அவள் நேராக நடு அறைக்குப் போனாள். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சின்னத் திரை கறுப்பாகக் கிடந்தது. அதன் ப்ளக் பிடுங்கிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. முன்னறையில் நாற்காலியில் இருந்த தம்பியின் தோளைத் தொட்டாள்.

"காதை ஏண்டா அணைச்சு வெச்சிருக்கே?"

"கெட்டுப்போச்சு."

அவள் போய்ச் செருகினாள். திரை உடனே ஒளிர்ந்தது. வாசற்படி, எதிர்வீட்டுச் சுவர், ஒரு பூனை. கெட்டுப்போகவில்லை. ஏதோ உறைக்க, பின்னறைக்கு ஓடினாள். விசிறி ஒற்றை மடிப்பாகச் சுருங்கியிருந்தது. திரும்ப ஓடிப் பிடுங்கினாள். பின்னறையில் விசிறி விரிந்தது. இப்படி எத்தனை முறை ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் தரையிலேயே உட்கார்ந்தாள். கண்ணாடிதள்ளி கேட்ட கேள்வியும் தான் சொன்ன பதிலும் காதில் விழுந்தன. அந்தக் கேமராவும் வயரில்லாமல் காற்றில்தான் படம் அனுப்புகிறது; அடாப்டர் பேசும் அதே பாதையில். சாமான் என்று கேட்டார். தம்பியின் காதை யார் சாமான் கணக்கில் சேர்ப்பார்கள்?

தம்பி எதிரே வந்து சம்மணமிட்டான். அவள் கேட்டாள்:

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ பின்னால பேச ஆரம்பிச்சா என் திரையில மழை பெய்யும். கோடு கோடா. நிறுத்தினா வெயில். நீ வேலை போயிரும்னு சொன்ன அன்னிக்கு யோசிச்சேன். உன் மழை என் கதவுல பெய்யுதுன்னா, என் மழை உன் டாக்டர் மேலயும் பெய்யணும்ல?"

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா என்ன செய்வே? 'நீ காதைப் போட்டுக்கோ, வேலை போனாப் போகட்டும்'பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

அவள் அவனுடைய கட்டுப்போட்ட விரலைப் பிடித்துக்கொண்டாள். அவன் சொன்னதைத்தான் செய்திருப்பாள். தெருவைப் பார்த்துக்கொண்டே தைத்ததில்தான் ஊசி விரலில் ஏறியிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு அவள் யார் யாருடைய கைகளையோ கவனித்த வாரம் முழுக்க, இந்தக் கை அடுத்த அறையில் இருந்தது.

மறுநாள் கண்ணாடிதள்ளியிடம் போய் நீளமான வயர் ஒன்று கேட்டாள். அவர் கண்ணாடியைத் தள்ளவே மறந்தார். "நண்டு என்னாச்சு?"

"நண்டு மேல தப்பில்லைங்க. தரைல போட்டாத்தானே தடுக்கும்? இந்தத் தடவை மேல போகப்போறேன்."

அக்காவும் தம்பியும் ஸ்டூல் போட்டு, நிலைக்கு மேலே துளையிட்டு, சுவரும் கூரையும் சேரும் மூலையோடு வயரை ஆணியடித்துக் கொண்டுபோனார்கள். இவ்வளவு நாளாக இது ஏன் தோன்றவில்லை என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒரு முறை தடுக்கிவிட்டால் வயர் என்றாலே தரை என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது போலும். தம்பி ஸ்டூல் மேல் நின்றபடி சுத்தியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேசினான்:

"பள்ளிக்கூடத்துல என் காதுல மெஷின் மாட்டி, நெஞ்சு வரைக்கும் வயர் தொங்கவிட்டாங்க. வேணாம்னு அழுது கழட்டினேன். இப்ப நீ வீட்டுக்கே மாட்டறே."

"அழாம ஆணியைப் பிடி."

அடாப்டரைப் பற்றி எழுதியதை எடுத்துவிட உட்கார்ந்தாள். கெட்டது என்று எழுதினால் பொய். நல்லது என்று விட்டுவைத்தாலும் பொய். வெகுநேரம் யோசித்துவிட்டு, நட்சத்திரமே இல்லாமல் விட முடியாததால் நடுவாக மூன்று கொடுத்து, ஒரே வரி எழுதினாள்: 'இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது, வாங்குமுன் வீட்டில் இருப்பவர்களை ஒரு முறை கேட்டுவிடுங்கள்.' யாருக்கும் பயன்படாத வரி. அதற்கு மேல் அவளுக்குத் தெரிந்தது எதுவும் இல்லை.

திங்கள் மதியம் அழைப்பு வந்தது. காய்ச்சலோடு வந்த ஒரு பெண்மணி. பாதியில் நடு அறையில் நாற்காலி கிரீச்சிட்டது. தட தடவென்று தம்பி வாசலுக்கு நடக்கும் சத்தம். தான் எழுப்பும் சத்தம் அவனுக்குத் தெரியாது. முன்பெல்லாம் இதற்காக அவனைத் திட்டியிருக்கிறாள். யாரோ பையோடு வந்திருக்கிறார்கள். தன் காதில் அவன் பார்த்துவிட்டான்.

பழக்கத்தில் கண் கீழ் மூலைக்குப் போனது. அங்கே விசிறி இல்லை. வயர் போட்டால் விசிறி வராது. கண்ணுக்கு இறங்க இடம் கிடைக்காமல் ஒரு கணம் அலைந்தது. "அந்த அம்மாகிட்ட கேளுங்க, எத்தனை நாளாக் காய்ச்சல்?" என்றார் மருத்துவர். அவள் முடியை ஒதுக்கிக்கொண்டு கைகளை உயர்த்தினாள்.