இருபது கட்டி

“வடைய அங்கிட்டு வைங்கக்கா. இப்பத் தின்னா கணக்கு ஒதைக்கும் லா” என்று சொல்லிவிட்டு டிரெஸர் ஹெர்பர்ட் தராசில் ஏறுகிறார். முதலில் தனியாக. பிறகு அலறுகிற பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. பெரியதில் சின்னதைக் கழித்தால் பிள்ளையின் எடை. எந்தப் பிள்ளை தராசில் தனியாக நிற்கும்? இந்த முறையால் ஹெர்பர்ட் எத்தனை கிலோ என்பது புக்கிட் செலம்பாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்மஸுக்கு மறுநாள், “டிரெஸரு ரெண்டு கிலோ ஏறிட்டாருடி!” என்று வரிசையில் பெண்கள் சிரிப்பார்கள். மனிதருக்குக் கோபமே வராது.

கோபமெல்லாம் என்மேல்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடி ஊசி மருந்தெல்லாம் அவர் பொறுப்பு; நோயாளி அட்டை எழுதும் கிராணி நான். எடை, மருந்து, மணி, கையெழுத்து, இதில் ஒன்று விட்டுப்போனாலும் அட்டையை என் மூக்குக்கு நேரே ஆட்டுவார். “தம்பி, இது அட்டையா, ரொட்டி சுத்துன காயிதமா?” பிள்ளையின் அரைஞாண் கயிற்றைக்கூட அவிழ்த்துவிட்டுத்தான் நிறுப்பார். வெள்ளித் தாயத்துக்கு எதற்கு ஊசி மருந்து என்பது அவர் கேள்வி.

எண்பத்திரண்டில் ஒருநாள் அவர் மருந்து எடுக்கப் பாடாங் செராய்க்குப் போயிருந்தார். அன்றுதான் அந்தக் கூத்து. நெஞ்சுச் சளியில் இழுத்துக்கொண்டிருந்த மகனைப் பிரேமாவதி தூக்கி வந்தாள். மதுரையிலிருந்து புதிதாக வந்த டாக்டர் பரஞ்சோதியிடம், “போன வாரம் கடையில நிறுத்தோம் டாக்டரு, இருபது கட்டி” என்றாள். எங்கள் ஊரில் கட்டி என்பது கடைக்காரர் நிறுவை, அறுநூறு கிராம் சொச்சம். மதுரையில் கட்டி என்றால் சீழ்க்கட்டி. டாக்டர் பயலின் சட்டையை உரித்து அக்குள், தொடை, பின்பக்கம் எல்லாம் தேடினார். “ஒண்ணுகூட இல்லையேம்மா!”

“ஐயோ டாக்டரு, வெயிட்டு! வெயிட்டு!”

வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே நான் எடைக் கட்டத்தில் வெறும் ‘இருபது’ என்று எழுதினேன். அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு டாக்டர் மருந்தளவு எழுத, ஊசி இறங்கிவிட்டது.

திரும்பி வந்த ஹெர்பர்ட் அட்டையைப் பார்த்தார், பயலைப் பார்த்தார். “இவனா இருபது கிலோ?” தூக்கிக்கொண்டு தராசில் ஏறினார். பன்னிரண்டு.

“அளவு மீறினா காதைக் கெடுக்குற மருந்து தம்பி இது.”

என் சிரிப்பு செத்தது. டாக்டரின் முகம் வெளிறியது. ஹெர்பர்ட் கத்தவில்லை. அடுத்த ஊசிகளின் அளவை டாக்டர் குறைத்து எழுதியதும், நடந்ததை அப்படியே சிவப்பு மையில் அட்டையில் எழுதி, எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். பிரேமாவதியிடமும் மறைக்காமல் சொன்னார். அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

அன்று முதல், ஐம்பது வயதுப் பெரிய மீசைக்காரர் ஹெர்பர்ட் வேளாவேளைக்கு வார்டில் பயலின் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்து “மியாவ்” என்றார். பயல் திரும்புகிறானா பார்க்க வேண்டுமாம். அட்டையில் அதற்கும் இரண்டு கட்டம்: ‘பூனை – வலது காது’, ‘பூனை – இடது காது’.

ஐந்தாம் நாள் சளி இறங்கியிருந்தது. ஹெர்பர்ட் வலப்பக்கம் மெல்லிசாக “மியாவ்” என்றார். “போ பூன!” என்று பிஸ்கட்டை வீசினான் பயல். இடப்பக்கம் பார்த்தால், கால்சட்டை கசங்க டாக்டர் மண்டியிட்டிருக்கிறார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு “மியாவ்!” என்றார். வார்டே அதிர்ந்தது. பயல் திரும்பிச் சிரித்தான். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹெர்பர்ட் உதட்டில் விரலை வைத்து, மறு கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார். “இன்னும் மெதுவா, சார்.”